பாசமலருக்குச் சிரிக்கிறார்கள், பொன்னியின் செல்வனுக்குச் சண்டை போடுகிறார்கள்: எப்படிப் பார்க்க வைப்பது?

தாம்வே தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் நாலு ஞாயிறு தமிழ்ப் படம் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பராசக்தி, பாசமலர், பொன்னியின் செல்வன் இரண்டு பாகம். அறுபது பேர் வரலாம், பதினைந்து வயதிலிருந்து எழுபத்தைந்து வரை. இளசுகளுக்கு வீட்டுத் தமிழ் புரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அடுக்குமொழி வசனம் ஓடினால் பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால் பர்மிய சப்டைட்டில் வேண்டும்.

பயம் இரண்டு. சிவாஜி அழும்போது பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தால் போதும், மண்டபமே சிரித்துவிடும். பொன்னியின் செல்வனுக்கு நேர் எதிர்த் தொல்லை: சரித்திரம் படித்த பெரியவர்கள் "இப்படி நடக்கவே இல்லை" என்று படம் ஓடும்போதே திருத்துவார்கள். இந்த மாதிரிக் கதைகளை நம்பி உட்கார வைக்க வழி உண்டா? "மனசைத் திறந்து வைத்துப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய ரீல் எழுதியது:

தம்பி, படத்தைக் குறை சொல்லும் முன் மெஷினைப் பாருங்க. பாதிச் சிரிப்பு அங்கேயிருந்துதான் வருது.

முதல் விஷயம், படத்தின் அகலம். பராசக்தி, பாசமலர் ரெண்டும் 1.37-க்கு 1 என்ற கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுத்தது. இப்போதைய புரொஜக்டர் 16:9. "முழுத்திரை" என்று அமுக்கினால் முகம் முப்பது சதவீதம் அகலமாகும். சாவித்திரியின் முகம் அப்படி விரிஞ்சா அதுக்கப்புறம் யாரும் அழ மாட்டாங்க. செட்டிங்கில் 4:3 வைங்க. இரு பக்கமும் வரும் சாம்பல் பட்டையை மறைக்கத் திரையின் ஓரத்தில் கறுப்புத் துணி தொங்க விடுங்க.

ரெண்டாவது, டி.வி.யில் போடுவதா இருந்தால் "மோஷன் ஸ்மூத்திங்" மாதிரி பேரில் ஒரு வசதி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், வேலை ஒண்ணுதான்: நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் சினிமாவுக்கு நடுவில் இல்லாத சட்டங்களை அதுவே செஞ்சு சொருகும். எல்லாம் வழுவழுன்னு சீரியல் மாதிரி ஓடும். பொன்னியின் செல்வனுக்குத்தான் இது பெரிய எதிரி. கவசம் தகரமாத் தெரியும், கோட்டை செட்டாத் தெரியும். சரித்திரப் படத்தில் கண் கொஞ்சம் மங்கலாப் பார்த்தால்தான் மனசு மீதியை நிரப்பும். அணைச்சிடுங்க.

மூணாவது பலருக்குத் தெரியாது. பால் (PAL) என்ற டி.வி. முறைக்கு மாத்தின பழைய டி.வி.டி. பிரதிகளில் 24 சட்டம் 25 ஆக ஓடும். நாலு சதவீத வேகம். மூணு மணி நேரப் படம் ஏழு நிமிஷம் குறையும், அதுகூடப் பரவாயில்லை. குரல் கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் மேலே ஏறிடும். ஏற்கெனவே உச்சத்தில் பேசும் வசனம் இன்னும் கீச்சுன்னு கேட்டால் பையன்கள் சிரிக்கத்தான் செய்வாங்க. வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கினால் நேரம் சரியாகும். சுருதியும் இறங்கணும்னா ஆடியோ செட்டிங்கில் "நேரத்தை நீட்டும் ஆடியோ" என்ற குறியை எடுத்துவிடணும்.

யூடியூபிலிருந்து எடுத்த பிரதி என்றால் நீளம் பாருங்க. பராசக்தி மூணு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். உங்க கையில் இருப்பது இரண்டரை மணி என்றால் பாட்டை வெட்டியிருக்காங்க. பாட்டை வெட்டினால் நேரம் மிச்சம்னு நினைக்காதீங்க. இந்த மாதிரிப் படத்தில் வருஷங்கள் ஓடுவதும், மனஸ்தாபம் முத்துவதும், மூச்சு விடுவதும் பாட்டில்தான். அது போனால் ஓர் அழுகையிலிருந்து அடுத்த அழுகைக்கு ஒரே தாவல், தாங்காது.

ஒலி: பழைய படம் மோனோ. ஆம்பிளிஃபயரில் ஹால், ஸ்டேடியம் என்று எந்த எஃபெக்டும் வேண்டாம். திரைக்கு இரு பக்கமும் ரெண்டு ஸ்பீக்கர், உட்கார்ந்தவர் காது உயரத்தில், ரெண்டிலும் ஒரே ஒலி. பேஸைக் குறைங்க, எழுத்து எழுத்தாக் கேட்பது நடுவிலிருந்து மேல் ஸ்தாயியில்தான். கோயில் மண்டபம் சிமெண்டுச் சுவர், எதிரொலிக்கும். பின்சுவரில் ஜமுக்காளம் தொங்க விடுங்க. அடுக்குமொழி வசனத்தில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுந்தால் தாத்தாவுக்கே புரியாது.

இருட்டு ரொம்ப முக்கியம். ட்யூப்லைட் ஒண்ணு எரிஞ்சாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க. அழ வெட்கம் வரும், வெட்கத்துக்கு மாற்று சிரிப்பு. சூரியன் போனதும் ஆரம்பிங்க. இருநூறு நாற்காலி மண்டபத்தில் அறுபது பேரைச் சிதற விடாம, வேண்டாத நாற்காலியை எடுத்துட்டு நெருக்கமா உட்கார வைங்க. ஜெனரேட்டர் சத்தம் உள்ளே வராத தூரத்தில் இருக்கணும். லேப்டாப்பும் புரொஜக்டரும் ஒரு யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். மின்சாரம் மாறும் நொடியில் புரொஜக்டர் அணைஞ்சால் விளக்கு ஆறி மறுபடி ஏத்த சில நிமிஷம் ஆகும், அந்த இடைவெளியில் கட்டி வெச்சதெல்லாம் கலைஞ்சுடும்.

---

மாண்டலே ரசிகை எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. மெஷின் சரியான பிறகும் மிச்சச் சிரிப்பு இருக்கும், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இன்றைய பதினாறு வயதுப் பிள்ளை சிவாஜியைப் பார்ப்பதற்கு முன் சிவாஜியைக் கேலி செய்த பத்துப் பேரைப் பார்த்துவிட்டது. மிமிக்ரி, மீம்ஸ், நகைச்சுவைக் காட்சி. அசல் திரைக்கு வரும்போது நகலின் நினைவில் சிரிக்கிறது. இதற்கு மருந்து விளக்கம் அல்ல, நேரம். முதல் இருபது நிமிடம் சிரிக்கட்டும், யாரும் "உஷ்" சொல்லக் கூடாது. அடக்கிய சிரிப்பு பின்னால் தப்பான இடத்தில் வெடிக்கும்.

அதனால் வரிசை முக்கியம். பராசக்தியை முதலில் வையுங்கள். காரணம் இரண்டு. நடுப்பகுதியில் சிவாஜியின் பாத்திரமான குணசேகரன் பைத்தியம்போல நடித்துத் திரிகிறான். படமே சிரிக்க அனுமதி கொடுக்கிறது. சிரித்து முடித்தவனால்தான் பிறகு அழ முடியும். இரண்டாவது, கதை தொடங்குவது ரங்கூனில். மூன்று அண்ணன்கள் இங்கே பிழைக்கிறார்கள், தங்கைக்கு மதுரையில் கல்யாணம். யுத்த நேரம், கப்பலில் ஒருவனுக்குத்தான் சீட்டு. குண்டு விழுகிறது, மற்ற இருவரும் நடந்து புறப்படுகிறார்கள், வழியில் பிரிகிறார்கள், ஒருவன் காலை இழக்கிறான். சென்னையில் பார்ப்பவருக்கு இது கதைக்காகப் போட்ட முடிச்சு. இங்கே அப்படி இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது, லட்சக்கணக்கான இந்தியர் தமு வழியாகவும் அரக்கான் வழியாகவும் நடந்தார்கள். டெக் டிக்கெட் கிடைக்காமல் குடும்பம் பிரிந்தது எத்தனையோ வீட்டுச் சரித்திரம். படம் தொடங்கும் முன் இதை மூன்று நிமிடத்தில் பர்மிய மொழியில் சொல்லுங்கள். கதையைச் சொல்லாதீர்கள், இந்த விவரம் போதும்.

கவனித்தீர்களா: நம்ப முடியாததுபோலத் தோன்றும் ரங்கூன் பகுதிதான் உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்காக யாரும் அழுவதில்லை. அழ வைப்பது நீதிமன்றம். குழந்தையை ஆற்றில் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவள் தங்கை, நீதிபதி அண்ணன், இன்னொரு அண்ணனும் அடுத்தபடி அதே கூண்டில். சட்டப்படி பார்த்தால் சிரிப்பான ஏற்பாடு. மெலோடிராமாவில், அதாவது இந்த மாதிரி உணர்ச்சிக் கதையில், தற்செயல் எதையும் தீர்த்து வைப்பதில்லை. பேச வேண்டியவர்கள் எல்லோரையும் ஓர் அறைக்குள் தள்ளுவதோடு அதன் வேலை முடிகிறது. பிறகு தீர்ப்பது பேச்சு. பார்ப்பவர் இந்த ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் மீதி தானாக நடக்கும். "எப்படி எல்லோரும் ஒரே ஊருக்கு வந்தார்கள்?" என்று கேட்கக் கூடாது. "வந்தாயிற்றே, இனி யார் முதலில் பேசுவார்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியத்திலேயே நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்த பாட்டைத் தமிழர் ஒருநாளும் பொய் என்று தள்ளவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி இங்கேயே உண்டு. விடிய விடிய நடக்கும் ஸாட் ப்வே என்ற பர்மிய நாடகம் பார்த்திருப்பார்கள். இளவரசனும் இளவரசியும் பிரியும்போது அழுகையைப் பாடியே நீட்டுவார்கள், அதில் யாரும் "இவ்வளவு நேரமா அழுவார்கள்?" என்று கேட்பதில்லை. நாடகக் கம்பெனியில் வளர்ந்த நடிகரின் பேச்சும் அதே வீட்டுப் பிள்ளைதான்: மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல். முன்னுரையில் இதையும் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்.

பாசமலர் கடினமான படம். சிரிக்கச் சொல்லி வைத்த இடங்கள் பின்பாதியில் குறைவு, துன்பம் அடுக்கடுக்காக வரும். தீபாவளி வெடியில் குழந்தையைக் காப்பாற்றி அண்ணனுக்குக் கண் போகும் இடத்தில் உங்கள் பின் வரிசைக்காரன் நிச்சயம் சிரிப்பான். அவன் சிரிக்காமலிருக்க அந்தக் காட்சியில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டும். ஆலைத் தொழிலாளியான அண்ணன் வேலை இழப்பது, தங்கை பொம்மை செய்து சேர்த்த காசில் தொழில் தொடங்குவது: இந்தப் பகுதி ஆற அமரப் போகும். தாமதமாக வந்தவர்கள் இதைத் தவறவிட்டால் பின்பாதி அவர்களுக்கு வெறும் கூச்சல். அதனால் அந்த ஞாயிறு மட்டும் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு கதவை அடைத்துவிடுங்கள். டீ, வடை எல்லாம் இடைவேளைக்கு. இடைவேளையும் படம் வைத்த இடத்தில்தான் விட வேண்டும், வடை பொரிந்த நேரத்தில் அல்ல.

ஒரு எச்சரிக்கை, கோயில் மண்டபம் என்றீர்கள். பராசக்தியில் பூசாரி ஒருவன் கோயிலுக்குள் தவறாக நடக்கும் காட்சியும் அதையொட்டிய வசனங்களும் உண்டு. 1952-ல் வந்தபோதே தடை செய்யச் சொல்லிக் குரல் எழுந்த படம். தர்மகர்த்தாக்களிடம் முன்கூட்டியே அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

---

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

முணுமுணுக்கும் பெரியவர்கள் கட்சிக்காரன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சரித்திரக் கதையை நம்பிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படைப்பாளி செய்யும் மாற்றங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்புவது, ஆவணத்தில் உள்ளதை நெருக்கியோ இடம் மாற்றியோ வைப்பது, ஆவணத்துக்கு எதிராகவே சொல்வது. முதலாவதற்கு எல்லையில்லா உரிமை கொடுக்கலாம். இரண்டாவதற்கு அளவோடு. மூன்றாவதற்கு மட்டும் விளக்குப் போட்ட பிறகு கேள்வி கேட்கலாம். பெரும்பாலான சண்டை முதல் வகையை மூன்றாவதாக நினைத்துப் போடுவது.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, அவனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைக் குறித்து, அவர்களையும் அவர்கள் உறவினரையும் சேர்ந்த நிலம் பறிமுதலானதைச் சொல்கிறது. அது ராசராசனின் (படத்தில் அருள்மொழி) இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் பட்டம் ஏறியது 985. கொலை நடந்ததோ அதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு முன்னால். நடுவில் ஆண்டவன் உத்தம சோழன். ஏன் இவ்வளவு நாள் தண்டனை இல்லை? கல்வெட்டு பதில் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார், மற்றவர்கள் மறுத்தார்கள். இந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். நந்தினி கற்பனை, பூங்குழலி கற்பனை, ஆழ்வார்க்கடியான் கற்பனை. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அவனுடைய சாகசங்கள் கல்கியின் உபயம்.

இனி, இளைஞர்கள் "இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கப்போகும் இடம் எது? அருள்மொழி அரியணையை வேண்டாம் என்று சித்தப்பா உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பது. சினிமாத்தனம் என்பார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத்தான் சொல்கிறது: மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பன் விரும்பும் வரை ஆட்சியை மனத்தாலும் நினைக்கவில்லை என்று. அவர்கள் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் பகுதி, அதாவது காதல் தோல்வியால் வந்த பழி, அதற்கு ஒரு வரி ஆதாரமில்லை. (செப்பேடும் மகன் ராசேந்திரன் காலத்து அரசவைப் புலவர் எழுதியதுதான், தகப்பனைக் குறைவாகவா எழுதுவார்? அது வேறு கச்சேரி.)

மிகையைப் பற்றி: கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. அதற்காகப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் போகவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பரணி என்ற வகையே ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்குப் பாடுவது. யானையை எண்ணிப் பார்த்துப் பாடியவர் எவரும் இல்லை. மூலமே இப்படி இருக்கும்போது, திரையில் குதிரை கூடுதலாக ஓடுகிறது என்று குறைப்படுவது பொருந்தாது.

எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது? என் பட்டியல் சிறியது. யாருக்குப் பின் யார் பட்டம் ஏறினார்கள், போரில் வென்றது யார் என்பவை மாறக் கூடாது. பயண நேரமும் அப்படித்தான். தஞ்சையிலிருந்து கோடிக்கரை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குதிரையைக் கொல்லாமல் போனால் இரண்டு நாள். ஒரே இரவில் போய்த் திரும்பினால் கதை தன் உலகத்தையே மதிக்கவில்லை, அப்போது பார்ப்பவனும் மதிக்க வேண்டியதில்லை. உடை, பேச்சு மொழி இவற்றில் கறாராக இருக்க முடியாது. பத்தாம் நூற்றாண்டில் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டு எழுதினால் அரங்கில் ஒருவருக்கும் புரியாது.

பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள் தம்பி. வேலை இல்லாத அறிஞர்தான் இருட்டில் பேசுவார். படம் முடிந்ததும் இருபது நிமிடம் அவர்களுடையது என்று முதலிலேயே அறிவியுங்கள். ஒரு பக்கத்தாளில் இரண்டு பத்தி: இடது பக்கம் கல்லிலும் செப்பிலும் இருப்பது, வலது பக்கம் கல்கி சேர்த்தது. அதைப் படத்துக்கு முன் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கைபேசி வெளிச்சத்தில் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: "ராசேந்திர சோழன் பர்மாவை ஆண்டானாமே?" தயாராக இருங்கள். அவனுடைய மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று கடாரப் படையெடுப்பைச் சொல்கிறது. காலம் 1025-ஐ ஒட்டியது. அதில் வரும் மாப்பப்பாளம் என்ற துறை கீழ் பர்மாவில் இருந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவுதான். அதில் வருவது அரசனைப் பிடித்தது, தோரண வாயிலையும் மணிக்கதவையும் கவர்ந்தது. உட்கார்ந்து ஆண்டதாக இல்லை. பர்மாவில் தமிழன் பெருமை பேசத்தான் வேண்டுமென்றால் பகான் கல்வெட்டைக் காட்டுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு. மலைமண்டலத்து மகோதையர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறது. வாளோடு வந்தவர் கொடை இல்லை அது. கோயில் பெயரே பல தேசத்து வணிகர் பெயர். கப்பலேறி வந்து கடை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தில் இது எடுபடும்.

---

பெகு பேரன் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எல்லாரும் சிரிப்பை வியாதி மாதிரிப் பேசுறீங்க. மனசு நெகிழும்போது சமாளிக்கத் தெரியாம வர்ற சிரிப்பு ஒண்ணு, "என்ன அநியாயம்டா இது" என்று வர்ற சிரிப்பு ஒண்ணு. முதலாவது தானா அடங்கும். ரெண்டாவதை அடக்கச் சொல்லக் கூடாது.

பாசமலரில் ராதா ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் அண்ணன். அவளுக்கு என்ன வேணும்னு கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. பதினேழு வயசுப் பொண்ணு அதைப் பார்த்து உச்சுக் கொட்டினா அவ படத்தை நம்பாதவ இல்லை, நம்பினதாலதான் கோபம். தற்செயலை நம்பச் சொல்லுங்க, ஓயாத அழுகையை நம்பச் சொல்லுங்க. "அந்தக் காலத்துப் பொம்பளைன்னா இப்படித்தான், ஏத்துக்கோ"ன்னு முன்னுரையில் சொல்லிடாதீங்க. சரித்திரக்காரருக்கு இருபது நிமிஷம் கொடுத்தீங்களே, இந்தப் பிள்ளைகளுக்கும் பதினஞ்சு நிமிஷம் கொடுங்க.

இன்னொண்ணு. பொன்னியின் செல்வன் ரெண்டு பாகமும் தலா இரண்டே முக்கால் மணி நேரம். ஒரே நாளில் போடும் ஆசை வந்தா விட்டுடுங்க. ஆனா ரெண்டு பாகத்துக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், பெயர்களே மறந்துடும். நுழைவாயிலில் குடும்ப மரம் ஒண்ணு பெரிய எழுத்தில் ஒட்டுங்க. சுந்தர சோழர், செம்பியன் மாதேவி, மதுராந்தகன், மூணு பிள்ளைகள், ரெண்டு பழுவேட்டரையர். இவ்வளவு போதும். யார் யாருக்கு என்ன முறைன்னு பக்கத்தில் கேட்டுக்கிட்டே பார்க்கிறவன் எதையும் நம்ப மாட்டான்.

---

தாம்வே தம்பி எழுதியது:

அண்ணே, அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. கதவு அடைக்கும் யோசனையும் பெரியவர்களுக்கு இருபது நிமிடமும் கண்டிப்பாகச் செய்கிறோம். தர்மகர்த்தா விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சப்டைட்டில் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பராசக்தி நீதிமன்ற வசனத்தை முழுக்க மொழிபெயர்த்துப் பார்த்தோம், திரையில் பாதி எழுத்தாகவே இருக்கிறது. சில கணினியில் எழுத்து உடைந்தும் வருகிறது.

---

கீழ்வரி எழுதியது:

எழுத்து உடைவது ஸோஜி, யூனிகோட் என்று பர்மிய எழுத்தைக் கணினியில் பதியும் இரண்டு முறைகளின் தகராறு. கோப்பு ஸோஜியில் தட்டியதாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். 2019 அக்டோபரில் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய விசைப்பலகையில் தட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பை யு.டி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள். எழுத்துரு பியிதௌங்சு அல்லது நோட்டோ சான்ஸ் மியன்மார். அப்படியும் சில பிளேயரில் உயிர்க்குறி இடம் மாறி விழும். மண்டபத்தில் அந்த ரிஸ்க் வேண்டாம்: வீட்டிலேயே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்து எரித்து ஒரே கோப்பாக்கிக் கொண்டுபோங்கள். எரிப்பதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டு மட்டும் எரித்துச் சரிபாருங்கள். மூன்று மணி நேரப் படத்தை எரித்து முடித்த பிறகு ஒரு குறி தப்பியது தெரிந்தால் இரவு முழுக்கப் போச்சு.

நீளம்: இரண்டு வரிக்கு மேல் எப்போதும் வேண்டாம். ஒரு சப்டைட்டில் துண்டு திரையில் குறைந்தது ஒரு நொடி, அதிகம் ஆறு நொடி. பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாததால் மென்பொருள் கண்ட இடத்தில் வரியை ஒடிக்கும். நீங்களே பொருள் பார்த்து ஒடியுங்கள். மேலும் கீழும் குறிகள் அடுக்குவதால் வரிகளுக்கு நடுவே இடம் கூட்டி வையுங்கள். சோதனை எளிது: படத்தை ஓட விட்டு, சப்டைட்டிலை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். அடுத்தது வரும் முன் அவர் முடிக்கவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள்.

நீதிமன்ற வசனத்தில் எதை வெட்டுவது? அடுக்கை வெட்டுங்கள், வாதத்தை வெட்டாதீர்கள். ஒரே கருத்து மூன்று உவமையில் வந்தால் ஒன்று போதும். மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். அங்கே குரல்தான் சங்கீதம், எழுத்து வழிகாட்டி மட்டும்.

சிரிப்பு வருவது பெரும்பாலும் நேரம் தப்புவதால். நடிகர் இன்னும் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கீழே செய்தி வந்துவிட்டால், படித்தவன் முடித்துவிட்டான், அழுகிறவர் மட்டும் அழுதுகொண்டிருக்கிறார். நடிகர் நிறுத்தும் இடத்தில் துண்டை நிறுத்துங்கள். முக்கியமான கடைசிச் சொல்லைத் தனித் துண்டாக்கி, அவர் வாய் திறக்கும் நொடியில் விடுங்கள். "ஐயோ", "அம்மா", விம்மல், இவற்றுக்கு எழுத்தே வேண்டாம். பாட்டுக்குப் பல்லவி முதல் முறை மட்டும். திரும்பி வரும்போது மறுபடி போடாதீர்கள்.

பாசமலருக்கு ஒன்று. "அண்ணா" வரும் இடமெல்லாம் "கோகோ" என்று போட்டால் காதலனைக் கூப்பிடுவதுபோலவும் படிக்கலாம், பையன்கள் விடமாட்டார்கள். "அகோஜி" என்று போடுங்கள், அல்லது முகம் தெரியும் இடங்களில் விளியே இல்லாமல் விட்டுவிடுங்கள். "அண்ணா" என்ற ஒலி அவர்களுக்கே தெரியும்.

பொன்னியின் செல்வனில் பட்டப்பெயர் தொல்லை. அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், இளவரசர் என்று ஒரே ஆளை மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள். சப்டைட்டிலில் ஒரே பெயர் வையுங்கள், பெகு பேரன் ஒட்டச் சொன்ன குடும்ப மரத்திலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

நீதிமன்றக் காட்சி நேரக்குறியோடு என் கோப்பு வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் பிரதி 25 சட்டத்தில் ஓடினால் என் நேரங்கள் பொருந்தாது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் சட்ட வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்றும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய்துவிட்டு ஏற்றுங்கள்.